தெத்துப்பல்லுக்கு வெனீர் போடலாமா?
வாசகர் கேள்விகளும் பல்வைத்தியரின் பதில்களும்

இம்முறை வந்திருந்த கடிதங்களில் பல, பல்லின் முகத்தில் ஒட்டும் வெனீரைப் பற்றியவையாக இருந்தன. கைத்தொலைபேசியில் காணும் விளம்பரங்களே இதற்குக் காரணம் என்பது அவற்றை வாசிக்கும்போதே தெரிந்தது. ஆகவே வேறு விடயங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஒன்றைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

மதிப்புக்குரிய வைத்தியர் அவர்களுக்கு, எனக்கு வயது 24. மேல் வரிசையின் நடுப்பற்கள் இரண்டில் ஒன்று மற்றதன் மேல் ஏறி நிற்கிறது. இடப்பக்க வேட்டைப்பல்லும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்தில் கம்பி கட்டச் சொன்னார்கள். அப்போது வீட்டு நிலைமை இடங்கொடுக்கவில்லை. வரும் ஆவணியில் எனக்குத் திருமணம். இன்னும் நான்கு மாதங்களே இருக்கின்றன. கொழும்பில் ஓரிடத்தில் இரண்டு தடவை போனால் போதும், பத்துப் பற்களுக்கு வெனீர் வைத்து வரிசையாக்கித் தருகிறோம் என்கிறார்கள். அம்மாவுக்கும் விருப்பமாக இருக்கிறது. செய்துகொள்ளலாமா?
*வாசகி, உவர்மலை*

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வேண்டாம் என்பதே என் பதில். பற்களை நேரில் பார்க்காமல் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர் நீங்கள்.

வெனீர் என்பது பல்லின் முன்முகத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய ஓடு. பீங்கானில் செய்தால் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கும். உங்கள் விரல் நகத்தின் தடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அது பல்லை நகர்த்துவதில்லை. பல்லின் வேர் தாடை எலும்புக்குள் எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறதோ அந்தச் சாய்விலேயே இருக்கும். முகம் மட்டும் நேராகத் தெரியும்படி, வெளியே நீட்டியிருக்கும் பல்லைச் செதுக்கி உள்ளே கொண்டுவருவார்கள். உள்ளே போயிருக்கும் பல்லின் மேல் பீங்கானைத் தடிப்பாக வைத்து வெளியே கொண்டுவருவார்கள். வரிசையாக்குவது என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பல்லின் மேல்தோலான மிளிரி, மேல் முன்பல்லின் நடுமுகத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கே இருக்கிறது. முரசை நெருங்க நெருங்க அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உங்கள் வேட்டைப்பல் வரிசையை விட்டு இரண்டு மில்லிமீற்றர் வெளியே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வரிசைக்குள் கொண்டுவர இரண்டு மில்லிமீற்றர், அதன்மேல் வைக்கும் ஓட்டுக்கு இன்னும் அரை மில்லிமீற்றர், ஆக இரண்டரை மில்லிமீற்றர் செதுக்க வேண்டும். மிளிரி முழுவதும் போய், அதன் கீழுள்ள பன்முதல் என்ற உட்படையிலும் பெரும்பகுதி போய்விடும். அதற்குப் பிறகு நரம்பு வெகு தொலைவில் இல்லை. பல் கூசும், சில பற்களில் நரம்பே இறந்து, வேர்ச்சிகிச்சை செய்ய வேண்டிவரும். நோய் எதுவும் இல்லாத பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்யும் நிலையை நாமே உண்டாக்குவதை என் மனம் ஏற்பதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் உங்களைப் போன்ற பல்வரிசையோடு ஒரு பெண் பிள்ளை தாயாரோடு என்னிடம் வந்தார். வாயாலே எவ்வளவு சொல்லியும் அவருக்கு மனம் ஆறவில்லை. அவருடைய பற்களை அச்செடுத்து, பாரிசுச்சாந்தில் (பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்) மாதிரி ஒன்று வார்த்து, மறுமுறை வந்தபோது மேசையில் வைத்தேன். வரிசை எங்கே வர வேண்டும் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு, சிறிய கத்தி ஒன்றை அவர் கையிலேயே கொடுத்து, அந்தக் கோடு வரை வேட்டைப்பல்லைச் செதுக்கச் சொன்னேன். வெள்ளைத் தூள் மேசையில் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் நிறுத்தியபோது, பல் நின்ற இடத்தில் கூட்டித் தேய்ந்த ஈர்க்கின் முனை போல ஒன்று எஞ்சியிருந்தது. தாயார் அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது திரும்ப வளராதா?" என்று கேட்டார். வளராது. மிளிரியை உருவாக்கும் உயிரணுக்கள், பல் முரசைக் கிழித்து வெளியே வரும் காலத்தோடு அழிந்துபோகின்றன. எலும்பு முறிந்தால் பொருந்துகிறது, தோல் வெட்டுப்பட்டால் ஆறுகிறது. மிளிரிக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொன்றும் உண்டு. வெனீர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த விடயம் இன்னும் தெளிவாகும். 1920களின் இறுதியில் சார்ள்ஸ் பிங்கஸ் என்ற பல்வைத்தியர் ஹொலிவூட் நடிகர்களுக்காக முதன்முதலில் இப்படியான ஓடுகளைச் செய்தார். அவற்றைப் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் பசையால் ஒட்டிக்கொண்டு, முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். நிலையாக ஒட்டுவதற்கு அன்றைக்கு வழி இருக்கவில்லை. 1955 இல் மைக்கேல் புவனகோர் என்பவர் பொஸ்போரிக் அமிலத்தை மிளிரியில் தடவினால் அதன் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளாகி, பிசினை இறுகப் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை வந்தது. இன்றைய வெனீரின் பலம் முழுவதும் இந்த ஒட்டில்தான் இருக்கிறது. மிளிரி, எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமம். ஆகவே ஒட்டு உறுதியாகப் பிடிக்கும். பன்முதலில் நீரும் நார்ப்பொருளும் அதிகம். அங்கே பிடிப்பு குறைவு, காலப்போக்கில் தளரவும் செய்யும். தெத்துப்பல்லை நேராக்கிக் காட்டுவதற்காக மிளிரியைச் செதுக்கி எறிகிறவர், வெனீர் ஒட்டி நிற்க வேண்டிய தரையையே வெட்டி எறிகிறார்.

உள்ளே போயிருக்கும் பல்லின் கதை வேறு. அதைச் செதுக்க வேண்டியதில்லைதான்; ஆனால் அதன்மேல் வைக்கும் பீங்கான் தடித்து, முரசோரத்தில் ஒரு திண்ணை போல நிற்கும். தூரிகையின் தும்பு அந்தத் திண்ணைக்குக் கீழே போகாது. ஊத்தை படியும், முரசு சிவந்து வீங்கும், பல் துலக்கும்போது இரத்தம் வரும். இரண்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் முரசின் விளிம்பும் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருக்கும். அதை எந்த வெனீரும் மறைக்காது. திருமணப் படத்தில் உதடு அதை மறைக்கலாம், மனம்விட்டுச் சிரிக்கும்போது மறைக்காது.

வயதையும் எண்ணிப் பாருங்கள். நன்றாகச் செய்த பீங்கான் வெனீர்களில் பெரும்பாலானவை பத்து வருடங்களைக் கடந்தும் நிற்கின்றன; பதினைந்து வருடம் நிற்பவையும் உண்டு. அதற்குப் பிறகு மாற்றத்தான் வேண்டும். 24 வயதில் வைத்தால் அறுபது வயதுக்குள் குறைந்தது இரண்டு தடவை மாற்ற நேரும். ஒவ்வொரு தடவையும் பல்லில் இன்னும் கொஞ்சம் குறையும். அந்த வேலையை ஆவணிக்குப் பிறகு வரும் எல்லா வருடங்களும் சுமக்க வேண்டும்.

அப்படியானால் நான்கு மாதங்களில் என்ன செய்யலாம்? முதலில் பற்சீராக்க நிபுணர் ஒருவரிடம் போங்கள். பல்லை எலும்புக்குள்ளேயே மெதுவாக நகர்த்துவது அவர் வேலை. தொடர்ந்து கொடுக்கும் சிறு அழுத்தத்தால் ஒரு பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கத்தில் புதிதாக வளர, பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நகரும். முழுச் சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகலாம். ஆனால் முன்பற்களின் நெரிசல் முதல் சில மாதங்களிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தளரும். வாயில் கம்பியோடு மணவறையில் இருக்க உங்களுக்கு மனமில்லாவிட்டால், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் பிரக்கட்டுகள், பல்லின் நிறத்திலேயே செரமிக்கில் இருக்கின்றன. அலைனர் எனப்படும், கழற்றி மாட்டக்கூடிய நிறமற்ற பிளாஸ்டிக் உறைகளும் இருக்கின்றன. அலைனரை நாளொன்றுக்கு 22 மணித்தியாலம் போட்டிருக்க வேண்டும் என்றாலும், தாலி ஏறும் நேரத்துக்கும் படம் எடுக்கும் நேரத்துக்கும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு இரவு மறுபடி போட்டுக்கொள்ளலாம். உங்கள் நெரிசலுக்கு அலைனர் போதுமா, பல் ஒன்றைப் பிடுங்கி இடமெடுக்க வேண்டுமா என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதோடு, திருமணத்துக்கு முன் பற்களைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். நிறம் மங்கியிருந்தால் வைத்தியரின் மேற்பார்வையில் வெளுப்பாக்கலாம். பற்கள் சீராகி முடிந்த பிறகு, விளிம்பு தேய்ந்த பல்லோ சிறுத்த பல்லோ எஞ்சியிருந்தால், அதற்குக் கொம்பொசிற் என்ற பல்நிறப் பிசினைச் சிறிது வைத்து நிரப்பலாம். அநேகமாக அந்த வேலைக்குப் பல்லைச் செதுக்கவே வேண்டியதில்லை. பத்து வெனீர் என்று கேட்டு வந்தவர்களில் பலர், பற்கள் நேரான பிறகு ஒன்றுகூட வேண்டாம் என்று போனதை நான் பார்த்திருக்கிறேன். சீரான பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க இரவில் ரிட்டெய்னர் போட வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அதை விட்டுவிட்டு மீண்டும் தெத்தாகி வந்தவர்களும் உண்டு.

அம்மாவிடம் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். அவருடைய விருப்பம் உங்கள் மேலுள்ள அன்பினால் வந்தது. செதுக்கிய பல் திரும்ப வளராது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

வைத்தியர் அவர்களே, நான் ஓர் ஆசிரியை. என் பற்கள் நேராகவே இருக்கின்றன. ஆனால் மேலே நடுப்பற்கள் இரண்டுக்கும் பக்கத்திலுள்ள பற்கள் மட்டும் அரிசிமணி போலச் சிறுத்து, கூராக, இருபுறமும் இடைவெளியோடு இருக்கின்றன. பிள்ளைகள் முன் சிரிக்கவே கூச்சமாக இருக்கிறது. வெனீர் கூடாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்.
*வாசகி, மூதூர்*

பயப்பட வேண்டாம். வெனீர் தன் வேலையை நன்றாகச் செய்யும் இடம் இதுதான். பக்க வெட்டும்பற்கள் இப்படிச் சிறுத்து முளைப்பது பிறப்பிலேயே அமைவது; குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். பல் சிறியது என்பதால் அதைச் செதுக்கி இடமெடுக்க வேண்டியதில்லை. இருக்கும் மிளிரியின் மேலேயே வெனீரை ஒட்டி, பல்லை அதன் உரிய அகலத்துக்குக் கொண்டுவரலாம்.

பீங்கானா கொம்பொசிற்றா என்று கேட்பீர்கள். கொம்பொசிற் ஒரே நாளில் வாயிலேயே செய்யக்கூடியது, செலவு குறைவு, உடைந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். தேநீர்க் கறை பிடிக்கும் என்பதும், ஐந்து முதல் ஏழு வருடங்களில் புதுப்பிக்க வேண்டிவரும் என்பதும் அதன் குறைகள். பீங்கான் மினுக்கம் குறையாமல் நீண்டகாலம் நிற்கும். உடைந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். நானாக இருந்தால் முதலில் கொம்பொசிற்றில் செய்து, அந்த வடிவத்தோடு சில வருடம் வாழ்ந்து பார்த்த பிறகு பீங்கானைப் பற்றி யோசிப்பேன்.

எதைச் செய்தாலும், ஒட்டுவதற்கு முன் மாதிரி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல்லில் அமிலமும் தடவாமல், ஒரு கீறலும் போடாமல், கொம்பொசிற்றை வெறுமனே பல்லின் மேல் அழுத்தி வடிவம் காட்டலாம், பார்த்துவிட்டு உரித்தெடுத்துவிடலாம். அப்போது கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிராமல் இரண்டு நிமிடம் பாடம் நடத்துவது போலப் பேசிப் பாருங்கள். ஃப, வ என்று உதடும் பல்லும் சேரும் ஒலிகள் மாறினால் பல் நீண்டுவிட்டது என்று பொருள். நாள் முழுவதும் பேசும் தொழிலில் இருப்பவருக்கு இது முக்கியம்.

அஸ்ஸலாமு அலைக்கும் டொக்டர். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மேல் முன்பற்கள் மிதந்து வெளியே நிற்பதால் கூடப் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். கம்பி கட்டினால் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டுமாம். அதைவிட வெனீர் வைத்துவிடலாம் என்று மச்சான் சொல்கிறார். எது நல்லது?
*ஒரு தந்தை, கிண்ணியா*

வஅலைக்குமுஸ்ஸலாம். இந்த வயதில் வெனீர் வைக்கவே கூடாது. வளரும் பிள்ளையின் பல்லுக்குள் நரம்பறை பெரிதாக இருக்கும். பெரியவரின் பல்லில் தாங்கக்கூடிய செதுக்கல்கூட மகனின் பல்லில் நரம்பைத் தொட்டுவிடலாம். அதோடு முரசின் விளிம்பு இன்னும் தன் இடத்துக்கு வந்து சேரவில்லை. இன்றைக்கு முரசோரத்தில் மறைந்திருக்கும் ஓட்டின் விளிம்பு, பையன் வளர வளர வெளியே தெரியத் தொடங்கும். மிதந்த பல்லைச் செதுக்கி உள்ளே தள்ளிக் காட்டினாலும், மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் உள்ள பொருத்தம் அப்படியே பிழையாகத்தான் இருக்கும்.

அதே வேளை, பேசாமல் விட்டுவிடவும் வேண்டாம். மிதந்த முன்பற்கள் கிரிக்கெட் பந்திலும் சைக்கிளிலிருந்து விழும்போதும் முதலில் உடைபவை. பன்னிரண்டு வயது கம்பி கட்டுவதற்கு நல்ல வயது. தாடை வளர்ந்துகொண்டிருப்பதால், பெரியவர்களுக்குச் செய்ய முடியாத சில திருத்தங்களை இப்போது செய்யலாம். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலோ அரச வைத்தியசாலையின் பற்பிரிவிலோ காட்டி, பற்சீராக்க நிபுணரிடம் அனுப்பும்படி கடிதம் கேளுங்கள். அரச சேவையில் கட்டணம் இல்லை. காத்திருக்கும் காலம் நீண்டதாக இருக்கக்கூடும், ஆகவே இந்தத் தவணை விடுமுறையிலேயே போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள். விரல் சூப்பும் பழக்கமோ வாயால் மூச்சு விடும் பழக்கமோ மகனுக்கு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

கேலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது சின்ன விடயம் இல்லை. வகுப்பாசிரியரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். மகனிடமும், "இது சரியாகிற விசயம், இத்தனை மாதத்தில் சரியாகும்" என்று திகதி குறித்துச் சொல்லுங்கள். முடிவு தெரிந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்.

எங்கள் பகுதியில் மணப்பெண் அலங்காரம் செய்யும் இடமொன்றில், பல்லுக்கும் வெனீர் ஒட்டித் தருகிறார்கள். விலை மிகக் குறைவு. ஊசியும் இல்லை, வலியும் இல்லை என்கிறார்கள். நம்பலாமா?
*வாசகி, பாலையூற்று*

போக வேண்டாம். பல்லில் சிகிச்சை செய்கிறவர் இலங்கை மருத்துவப் பேரவையில் பல்வைத்தியராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்பது உங்கள் உரிமை, கேட்டால் கோபிக்கிறவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

ஊசி இல்லை, வலி இல்லை என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பல்லில் சூத்தை இருக்கிறதா, முரசில் நோய் இருக்கிறதா என்று பாராமல், இருந்தபடியே மேலே ஒட்டிவிட்டால் அன்றைக்கு வலிக்காதுதான். அப்படி ஒட்டுப்போட்டுக்கொண்ட ஒருவர் ஒரு வருடம் கழித்து வாய் நாற்றம் என்று என்னிடம் வந்தார். நான்கு பற்களுக்கும் சேர்த்து ஒரே துண்டாகப் பிசின் பூசப்பட்டிருந்தது. பற்களுக்கிடையே நூல் போக வழியில்லை. அதை அகற்றியபோது உள்ளே இரண்டு பற்களில் சூத்தை பன்முதல் வரை இறங்கியிருந்தது. விலை குறைவென்று போனவர், அந்த இரண்டு பற்களைக் காப்பாற்றப் பல மடங்கு செலவழித்தார்.

எனக்கு ஆறு வருடங்களுக்கு முன்னர் முன்பற்கள் நான்குக்கு வெனீர் வைத்தார்கள். போன ஞாயிறு நண்டு சாப்பிடும்போது ஒன்று கழன்று வந்துவிட்டது. உடையவில்லை. வீட்டிலிருக்கும் பசையால் ஒட்டலாமா? மற்ற மூன்றும் விழுந்துவிடுமா?
*வாசகர், சாம்பல்தீவு*

கடைப்பசையைத் தொடவே வேண்டாம். அது வெனீரின் உட்புறத்தில் படிந்துவிட்டால் பிறகு சரியாகப் பொருந்தாது, முரசையும் பொசுக்கும். கழன்றதைத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, மூடியுள்ள சிறு டப்பாவில் பஞ்சு வைத்து அதன்மேல் வைத்துக்கொண்டு, இரண்டொரு நாளுக்குள் வைத்தியரிடம் போங்கள். உடையாமல் முழுதாக வந்திருப்பது நல்லது, பெரும்பாலும் அதையே மீண்டும் ஒட்டலாம். பசை பீங்கானோடு வந்திருக்கிறதா, பல்லிலேயே நின்றுவிட்டதா என்று அவர் பார்ப்பார். ஏன் கழன்றது என்பது அதிலிருந்து ஓரளவு தெரியும். பல்லில் தங்கியிருந்தால் பீங்கானின் உட்புறத்தைச் சரிவரத் தயார்செய்யாமல் ஒட்டியிருக்கலாம். பீங்கானோடு முழுவதும் வந்து, பல் பழுப்பாகத் தெரிந்தால், அடியில் மிளிரி இல்லாமல் பன்முதலில் ஒட்டியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். மற்ற மூன்றையும் அதே இருப்பிலேயே பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இரவில் பல்லை நெரிப்பீர்களா என்று வீட்டிலுள்ளவர்களிடம் கேளுங்கள். அந்தப் பழக்கம் இருந்தால் இரவில் போடும் காப்புத்தகடு ஒன்று செய்துகொள்ளாமல் எந்த ஒட்டும் நிலைக்காது. நண்டை விடச் சொல்லி நான் சொல்லமாட்டேன், நம் ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது. கோதை முன்பல்லில் வைத்து நெரிக்காமல், அம்மிக்குழவியால் ஒரு தட்டுத் தட்டி உடைத்துவிட்டுச் சதையைக் கையால் எடுத்துச் சாப்பிடுங்கள். கரும்பு, பனங்கிழங்கின் தும்பு, சோடாப் போத்தலின் மூடி ஆகிய மூன்றுக்கும் இதே கட்டுப்பாடுதான்.